பிஸ்கட் டின்னுக்குள் ஏழு பேட்ஜ்

மலாக்காவில், காஜா பெராங்கில் நாங்கள் அப்போது குடியிருந்த வீட்டு வாசலில், செருப்பும் சைக்கிளும் போக, ஒரே ஒரு ஆள் நிற்க இடம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த இடத்தில் ஜைனம்பு அக்கா வந்து நின்றார். முக்காட்டின் ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு, கையில் ஒரு நீளமான கவரைப் பிடித்திருந்தார்.

"பசியாறிட்டீங்களா தம்பி?" என்று கேட்டார்.

ஆச்சு என்றேன். ஆகவில்லை. என் மனைவி அப்போதுதான் தோசைக்கல்லை அடுப்பில் வைத்திருந்தாள். முழுகாமல் இருந்தாள், ஆறு மாதம்.

"இதை வாசிச்சுச் சொல்லுங்க. இங்கிலீஷ்ல வந்திருக்கு. உங்க நானா விஷயம்தான்."

நானா என்றால் அண்ணன். இங்கே ஹனிபா நானா, அக்காவின் கணவர். ஜாலான் துக்காங் எமாஸில் பள்ளிவாசலுக்கு நாலு கடை தள்ளி டீக்கடை வைத்திருந்தவர். கடை அடைத்து நாலு மாதம் ஆகியிருந்தது. ரத்தம் கெட்டுப்போச்சு என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஊரார் ரத்தத்தை ஏற்றுவதும், ஏற்றினது எங்கே போச்சு என்று தெரியாமல் மறுவாரம் மறுபடி ஏற்றுவதுமாக இருந்தது.

ஒருநாள் டாக்டர், "எக்ஸ்ரே மெஷின் இருக்கிற இடத்துல வேலை செஞ்சிருக்கீங்களா?" என்று கேட்டிருக்கிறார். நானா, "எக்ஸ்ரே இல்லே டாக்டர். அணுகுண்டு" என்று சொல்லியிருக்கிறார். டாக்டர் இரண்டாவது தடவை கேட்டாராம். அதே பதில்தான் வந்தது.

டாக்டர் நல்ல மனுஷன். அணுகுண்டு வெடித்த தீவில் வேலைக்கு நானாவை எடுத்த வெள்ளைக்கார ஆபீசுக்கு உடனே கடிதம் எழுதினார். இவர் உடம்பில் கதிர்வீச்சு பட்டது என்று அங்கிருந்து ஒரு வரி வந்தால் போதும். சிங்கப்பூரில் அவர்களுடைய ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்வார்கள். அங்கே ரத்தத்துக்கென்றே ஒரு டாக்டர் இருந்தார். மலாக்காவில் செய்யக்கூடியதெல்லாம் செய்து முடித்தாகிவிட்டது. அந்த ஒரு வரிக்காகத்தான் மூன்று மாதம் காத்திருந்தோம்.

கவரைப் பிரித்தேன். ஹனிபா அணிந்திருந்த பேட்ஜ் எதிலும் கதிர்வீச்சு பதிவாகவில்லை. அவரோடு இருந்த மற்ற ஆறு பேருடைய பேட்ஜிலும் பதிவாகவில்லை. ஆகவே நோய்க்கும் அந்த வேலைக்கும் சம்பந்தம் இல்லை. இவ்வளவுதான் சங்கதி. தமிழில் சொன்னேன்.

அக்கா கவரை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "அப்ப இது நல்ல சேதியா தம்பி, கெட்ட சேதியா?"

எனக்குப் பதில் தெரியும். ஏன் பதிவாகவில்லை என்பதும் தெரியும். அந்த ஏழு பேட்ஜையும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடிவைத்தது நான்தான்.

பின்னாலேயே போனவர்கள்

போன வாரம் இந்தப் பகுதியில் நான் மலாக்கா ஆற்றில் விழுந்த கதையைப் படித்துவிட்டு, ஒரு வாசகர், "இதெல்லாம் ஒரு சரித்திரமா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். இல்லை ஐயா. இந்த வாரமும் சரித்திரம் இல்லை. சரித்திரம் நடந்த இடத்தில் டீ குடித்த கதை.

சுதந்திரத் தேதியைப் பண்டார் ஹிலிர் திடலில் அறிவித்தார்களே, அன்றைக்கு நானும் ஹனிபா நானாவும் கூட்டத்தின் கடைசியில் நின்றோம். பேசியது ஒன்றும் காதில் விழவில்லை. முன்னால் நின்றவர்கள் கை தட்டினார்கள், நாங்களும் தட்டினோம். "வெள்ளைக்காரன் போறான்டா" என்று நானா என் முதுகில் ஒன்று வைத்தார்.

வருஷம் ஒன்றோ இரண்டோ போயிருக்கும். போகிற வெள்ளைக்காரன் பின்னாலேயே கப்பல் ஏறிப் போனவர்கள் நாங்கள் இரண்டு பேரும். கேட்டால் சிரிப்பீர்கள். கையில் ஏழாம் வகுப்பு இங்கிலீஷும் அழகான கையெழுத்தும் வைத்துக்கொண்டு நான் சும்மா தெருத்தெருவாகச் சடக்கு அளந்துகொண்டிருந்தேன். நானாவுக்கோ எதிரிலேயே புதிதாக ஒரு காப்பிக்கடை முளைத்திருந்தது. பசிபிக் கடலில் ஒரு பவளத் தீவு, ஒரு வருஷ வேலை, சாப்பாடு அவர்களுடையது என்று சிங்கப்பூரிலிருந்து தாக்கல் வந்தது. நானாவைச் சமையலுக்கும் டீக்கும் எடுத்தார்கள். என்னைத் தண்ணீர்த் தொட்டிக்கு எடுத்தார்கள்.

அங்கே என்ன வேலை நடக்கிறது என்று கப்பலில் ஏறிய பிறகுதான் சொன்னார்கள். வெடி வைக்கப் போகிறார்களாம். கல்லுடைக்கிற வெடி என்று நானா நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆசியத் தொழிலாளிகள் நாங்கள் ஒரு கூடாரத்தில் ஏழு பேர். மற்ற ஐந்து பேரும் சிங்கப்பூர்க்காரர்கள், சலவை வேலை. எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன் என்பதால் என்னைக் கணக்குப்பிள்ளை ஆக்கினார்கள். தண்ணீரைச் சோதிக்கிற துரை ஒருவர் இருந்தார். முகமெல்லாம் செம்புள்ளி, என்னைவிட இரண்டு வயது மூப்பு இருந்தால் அதிகம். அவர்தான் ஏழு பேட்ஜையும் ஒரு ரிஜிஸ்டர் புத்தகத்தையும் என் கையில் கொடுத்தார்.

ஐசி பட்ட பாடு

பேட்ஜ் என்பது சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு சின்னப் பெட்டி. உள்ளே ஒரு துண்டு பிலிம். "கண்ணுக்குத் தெரியாததை இது பார்க்கும். எப்போதும் நெஞ்சில் இருக்கணும். தொலைத்தால் கப்பல் ஏற்ற மாட்டோம்" என்று துரை இங்கிலீஷில் சொன்னார். நான் ஆறு பேருக்கும் தமிழிலும் மலாயிலும் சொன்னேன்: "தொலைச்சா கப்பல் ஏத்த மாட்டாங்களாம்."

முன்பாதி எனக்கே சரியாக விளங்கவில்லை. விளங்காததை மொழிபெயர்க்கிறவன் விட்டுவிடுவான். இது எல்லா மொழிபெயர்ப்பாளரும் செய்கிற காரியம்தான்.

இந்த இடத்தில் ஐசி, அதாவது அடையாள அட்டை பற்றிச் சொல்லியாக வேண்டும். மலாயாவின் அவசரகாலத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். காட்டில் கம்யூனிஸ்டு, சடக்கில் போலீஸ். ஐசி இல்லாமல் வெளியே கால் வைக்க முடியாது. ஹனிபா நானா தன்னுடைய ஐசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டீ ஆற்றி, ஆவியும் வேர்வையும் பட்டு, படத்தில் முகம் போய் மீசை மட்டும் மிஞ்சிவிட்டது. பத்து பெரெண்டாம் என்கிற ஊருக்குப் போகிற வழியில் போலீஸ் தடுத்தது. "இது யாரு?" என்று கேட்டார்கள். "நான்தான்" என்றார். "மீசை யாருக்கும் இருக்கும்" என்று சொல்லி இரண்டு நாள் உள்ளே வைத்திருந்தார்கள்.

வெளியே வந்த நானா முதல் வேலையாகப் புது ஐசி எடுத்தார். இரண்டாவது வேலையாக அதை மெழுகுத்துணியில் சுற்றி ஒரு சதுர பிஸ்கட் டின்னில் போட்டார். அதற்கப்புறம் டின்னோடுதான் ஊர் சுற்றுவார். எங்கள் எல்லார் வீட்டிலும் ஏதோ ஒரு டின் இருந்தது. முக்கியமான தாள் என்றால் வேர்வை படாமல், மழை படாமல், எலி கடிக்காமல் உள்ளே இருக்கவேண்டும். அதுதான் பத்திரம். எங்களுக்கு வேறு பத்திரம் தெரியாது.

தீவில் வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். காலை பத்து மணிக்கே சட்டை தோய்த்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். இரண்டாவது நாள் சலவைக்காரர் ஒருவருடைய பேட்ஜ் சோப்புத் தண்ணீரில் விழுந்தது. ஏழுக்கும் கையெழுத்துப் போட்டு வாங்கினவன் நான்.

"நானா, உங்க டின் இருக்குல்ல?" என்றேன்.

"இருக்கு. என்னத்துக்கு?"

"பேட்ஜெல்லாம் அதுல போட்டு வெப்போம். துரை வந்தா எடுத்துக் குத்திக்குவோம்."

"நெஞ்சுல குத்திக்கணும்னுல்ல சொன்னாரு?"

"வேர்வை பட்டுச்சுன்னா மறுபடியும் மீசைக் கதைதான்" என்றேன்.

அவர் டின்னை எடுத்துக் கொடுத்தார். நானாவின் ஐசிக்கு மேலே ஏழு பேட்ஜும் வரிசையாக உட்கார்ந்தன. ரிஜிஸ்டரில் நான் தினமும் ஏழு பேருக்கும் 'அணிந்தார்' என்று எழுதினேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பழையதைக் கொடுத்துப் புதியது வாங்குவேன். துரை என் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அச்சடித்த மாதிரி இருக்கிறதே" என்பார். தீவிலேயே கீறல் இல்லாத பேட்ஜ் எங்களுடையதுதான் என்று மற்ற துரைகளிடம் காட்டினார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

செத்த தண்ணீர்

தீவில் ஊற்று இல்லை, ஆறு இல்லை. கடல் தண்ணீரைக் காய்ச்சி ஆவி பிடித்துக் குழாயில் விடுவார்கள். அதுபோக இரண்டு பெரிய மழைத் தொட்டிகள். வெடிக்கு முதல்நாள் தொட்டி இரண்டையும் மூடிக் கட்டி, மறுபடி சொல்லும்வரை மழைத் தண்ணீரைத் தொடக்கூடாது, குழாய்த் தண்ணீர் மட்டும்தான் என்று உத்தரவு போட்டார்கள். அந்த உத்தரவை நான் ஒரு எழுத்து விடாமல் மொழிபெயர்த்தேன். தண்ணீர் விஷயம் எனக்கு விளங்கும்.

நானாவுக்குத்தான் ஆகவில்லை. குழாய்த் தண்ணீரில் டீ நிற்காது. சாயம் இறங்கும், ருசி இறங்காது. அவர் ஒரு குவளையை என் முன்னால் வைத்து, "இது தண்ணியில்லே தம்பி, தண்ணியோட மய்யத்து" என்றார். பள்ளிவாசல் தெருவில் இருபது வருஷம் டீ ஆற்றின மனுஷன். ஐந்து சலவைக்காரர்கள் அவர் டீயைப் பாதி குடித்து மீதியை மணலில் ஊற்றியதை அவர் பார்த்துவிட்டார். அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

வெடி வைத்தார்கள். எங்களைக் கடற்கரையில் முதுகு காட்டி உட்காரவைத்து, கண்ணைக் கையால் பொத்தச் சொன்னார்கள். முதுகுக்குப் பின்னால் யாரோ அடுப்பைத் திறந்து மூடின மாதிரி இருந்தது. சத்தம் அப்புறம்தான் வந்தது. திரும்பிப் பார்க்கலாம் என்றார்கள், பார்த்தோம். நானா, "இது கல்லுடைக்கிற வெடி இல்லே" என்றார்.

மத்தியானம் மழை வந்தது. கால் மணி நேரம்தான். சமையல் கொட்டகைக்கு மேலே வெயிலுக்காக ஒரு கித்தான் கட்டியிருந்தோம். அது நடுவில் தொய்ந்து, குளம் மாதிரி தண்ணீர் நின்றது. ஊரில் என்றால் முதல் மழையைக் கீழே விட்டு அடுத்த மழையைத்தான் பிடிப்போம். அங்கே அடுத்த மழைக்கு வானத்தில் அறிகுறி இல்லை. நானா சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, கித்தானைக் கையாலேயே வழித்து வழித்துப் பீப்பாயில் விட்டார். தலையில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

"நானா, துரை வேணாம்னு சொல்லியிருக்காரு."

"பச்சையாவா குடிக்கப் போறோம்? மூணு கொதி விடறேன். எந்தக் கிருமி தாங்கும்?"

நானும் அதைச் சரி என்றுதான் நினைத்தேன். காலரா, டைபாய்டு என்று எது வந்தாலும் கொதிக்கவைத்துக் குடி என்று சுகாதார இலாகா சுவரில் எழுதிவைத்த ஊரில் பிறந்தவன் நான். தண்ணீரில் என்ன தப்பு இருந்தாலும் அடுப்புக்குப் போனால் தீரும். தீராத தப்பு ஒன்று உலகத்தில் புதிதாக வந்திருக்கிறது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

அன்றைக்கு அந்த டீ எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? பொய் சொல்ல மாட்டேன், அமிர்தம். சலவைக்காரர்கள் இரண்டு இரண்டு குவளை குடித்தார்கள். நானா ஒவ்வொரு தடவையும் ஊற்றிப் பார்த்து, ருசி பார்த்து, எல்லாரையும்விடக் கூடுதலாகக் குடித்தார். ஒன்பது நாள் வந்தது அந்தப் பீப்பாய்.

சோதனைத் தண்ணீர் பிடிக்கிறவன் நான்தான். படிவத்தில் மூன்று வரி இருந்தது: குழாய், முதல் தொட்டி, இரண்டாம் தொட்டி. டீக்கு வரி இல்லை. அதனால் எழுதவில்லை.

பத்தாவது நாள் பேச்சுவாக்கில் துரையிடம், "சார், மழைத் தண்ணியைக் கொதிக்கவெச்சா ஆகாதா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "கொதித்தால் தண்ணீர்தான் போகும். மற்றது அப்படியே தங்கும். இன்னும் கெட்டியாகும்" என்றார்.

வந்து நானாவிடம் சொன்னேன். பீப்பாயின் அடியில் ஒரு வாளி மிச்சம் இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கடலில் ஊற்றிவிட்டு, குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். துரையிடம் சொல்லவேண்டாம் என்று நாங்கள் பேசி முடிவு செய்யவில்லை. சொல்லாமல் விட்டோம், அவ்வளவுதான்.

கட்டிலில் கிடந்தவர்

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அக்காவோடு டவுனுக்கு நடந்தேன். காஜா பெராங்கிலிருந்து துக்காங் எமாஸ் வரைக்கும் அவர் கேட்ட ஒரே கேள்வி, "மெஷின் பொய் சொல்லுமா தம்பி?" என்பதுதான். சொல்லாது என்றேன்.

கடைக்குப் பின்னால் உள்ள அறையில் நானா படுத்திருந்தார். பாதி ஆளாகியிருந்தார். கையில் ஊசி குத்தின இடமெல்லாம் நாவல்பழ நிறம். கடிதத்தைச் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

அந்த பேட்ஜ் அவர் வயிற்றுக்குள் போன டீயைப் பார்த்திருக்காது. எனக்கும் பிற்பாடுதான் தெரிந்தது. ஆனால் கித்தானை வழித்தபோது அவர் மேலே இருந்திருந்தால், எங்கள் கொட்டகையில் விழுந்தது வெறும் மழை இல்லை என்று சொல்லியிருக்கும். அந்த ஒரு வரிக்கு அது போதும். அவருக்கு இருந்த ஒரே சாட்சி அது. சாட்சியை நான் பெட்டிக்குள் வைத்திருந்தேன்.

"அக்கா," என்று ஆரம்பித்தேன். "அந்த பேட்ஜை நாங்க போடல. டின்னுக்குள்ள இருந்துச்சு."

அக்கா என்னைப் பார்த்தார். "டின்னுக்குள்ளயா? யாரு வெச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "நான்தான் வெச்சேன், ஜைனம்பு. என் டின்தானே. இந்தத் தம்பிக்குத் தெரியவே தெரியாது."

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "உங்க டின்னும் நீங்களும்" என்று அழுதுகொண்டே திட்டினார். திட்டிக்கொண்டே அவருக்குத் தலையணையைச் சரிசெய்தார்.

நானா என்னைப் பார்க்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். தீவிலிருந்து துரை கொடுத்த நற்சான்றை வைத்துத்தான் நான் தண்ணீர் இலாகாவில் சேர்ந்தேன். 'ரிஜிஸ்டர் வைப்பதில் நம்பத்தக்கவர்' என்று அதில் இருக்கும். வேலை அப்போது நிரந்தரம் ஆகவில்லை. ரிஜிஸ்டர் முழுக்கப் பொய் என்று தெரிந்தால் நற்சான்று போகும், அதோடு வேலையும் போகும். வீட்டில் ஆறு மாதம். இதெல்லாம் நானாவுக்கு அத்துப்படி.

நான் அப்போதே, "இல்லை அக்கா, யோசனை என்னுடையது" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிட நிம்மதியாக இருந்தது. இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

அச்சுப் போல எழுத்து

நானா சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் எழுதினேன். பேட்ஜை எடுத்து டின்னில் போட்டது ஹனிபா, கணக்குப்பிள்ளைக்குத் தெரியாது, மழைத் தண்ணீர் குடித்தோம். அவர் கையெழுத்துப் போட்டார். டாக்டர் அனுப்பிவைத்தார்.

ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. அதையும் நான்தான் வாசித்தேன். நோயாளி சொல்வது ரிஜிஸ்டரோடு ஒத்துப்போகவில்லையாம். ரிஜிஸ்டரில் ஒவ்வொரு நாளும் பேட்ஜ் அணிந்ததாகக் கணக்குப்பிள்ளை எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறார். அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லை. இவ்வளவு கவனமாக வைக்கப்பட்ட பதிவைச் சந்தேகிக்க இடமில்லை. கணக்குப்பிள்ளையே மறுத்து எழுதினால் அன்றி இந்த விஷயம் முடிந்தது.

என் கையெழுத்து அழகு என்று நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு எழுத்தில் பாராட்டு வந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் ஆபீசில் மத்தியான இடைவேளையில் உட்கார்ந்து மறுத்து எழுதினேன். ரிஜிஸ்டர் பொய், யோசனை என்னுடையது, ஹனிபா என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னதை நம்பவேண்டாம். ஒரு பக்கம்தான். கவரில் போட்டு, ஸ்டாம்ப் ஒட்டி, பண்டார் ஹிலிர் தபால்பெட்டி வரைக்கும் போனேன். சனிக்கிழமை. இனி திங்கட்கிழமைதானே எடுப்பார்கள், திங்கட்கிழமையே போடலாம் என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை மேலதிகாரி கூப்பிட்டு, வேலை நிரந்தரம் ஆகிற தாள் மாதக் கடைசியில் வரும் என்றார். இன்னும் பத்து நாள். பத்து நாளில் என்ன ஆகிவிடப்போகிறது? தாள் கைக்கு வந்த மறுநிமிஷம் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

மாதக் கடைசிக்கு ஆறு நாள் இருக்கும்போது ஹனிபா நானா மௌத்தாகிவிட்டார். வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்த கூட்டமே ஜனாஸாவுக்கும் நின்றது. தோள் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். சட்டைப் பையில் கவர் இருந்தது.

தாள் சொன்ன தேதிக்கு வந்தது. அந்த வாரமே எனக்கு மூத்த மகள் பிறந்தாள்.

நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்குப் போயிருந்தபோது அக்கா உள்ளே போய் அந்த பிஸ்கட் டின்னை எடுத்துவந்தார். "இதை உங்களுக்குத்தான் கொடுக்கச் சொன்னாரு தம்பி. பத்திரமா வெச்சுக்கத் தெரிஞ்ச பையன்னு சொன்னாரு." கேலிக்குச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் அக்கா வீட்டிலிருந்து பிரியாணி வந்துவிடும். காஜா பெராங்கிலிருந்து நாங்கள் வீடு மாறின பிறகும் விலாசம் விசாரித்து வந்தது. கொண்டுவருகிற பேரப்பிள்ளைகளிடம், "உங்க தாத்தாவுக்காக ரெண்டு தடவை கடுதாசி வாசிச்சு, பதிலும் எழுதிக் கொடுத்தவங்க, மரியாதையா குடுத்துட்டு வா" என்று சொல்லி அனுப்புவாராம். நான் சாப்பிட்டேன். ஒரு வருஷம்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

போன மாதம் ஜைனம்பு அக்காவும் மௌத்தாகிவிட்டார். அடக்கம் முடிந்து வந்து, அலமாரி மேலே இருந்த டின்னை இறக்கித் திறந்தேன்.

தபாலில் போடாத அந்தக் கவர் அப்படியே இருக்கிறது. வேர்வை படவில்லை, மழை படவில்லை, எலி கடிக்கவில்லை. ஒட்டின ஸ்டாம்ப்பின் ஓரம்கூடக் கிளம்பவில்லை. பத்திரமாக இருக்கிறது.